கண்ணாடியைக் கழற்றிய பின் கடல்

யானைக்கவுனியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்துபவரின் மகன், ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியுமுன் இருசக்கர வாகனத்தில் கோவளத்துக்குப் புறப்பட்டுவிடுவார். அலைச்சறுக்கில் அவ்வளவு ஈடுபாடு. இரு கண்களிலும் 'மைனஸ் 5' கிட்டப்பார்வை. கண்ணாடியோடு கடலில் இறங்க முடியாது என்பதால் தொடுவில்லை (கான்டாக்ட் லென்ஸ்) அணிந்து சென்றார். ஒருநாள் அணிந்து எறிய வேண்டிய வில்லையைச் சிக்கனம் கருதிக் குழாய்த் தண்ணீரில் அலசி, இரண்டு மூன்று வாரங்கள் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு திங்கட்கிழமை காலை இடது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கடைக்குள் இருட்டில் உட்கார்ந்திருந்தார். சாதாரண 'மெட்ராஸ் ஐ' என்று எண்ணி நான்கு நாள்கள் தாமதித்தார்கள். கருவிழியில் தொற்று. இரவும் பகலும் மணிக்கொரு முறை சொட்டு மருந்து, பல வாரச் சிகிச்சை. கண் பிழைத்தது, கருவிழியில் ஒரு சிறு தழும்பு தங்கிவிட்டது. இரவில் எதிரே வரும் வாகன விளக்குகள் அந்தக் கண்ணுக்குச் சிதறித்தான் தெரிகின்றன.

நான் கண் மருத்துவன் அல்லன். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஐம்பது ஆண்டுகளாக மூக்குக்கண்ணாடி அணிபவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி இல்லை. ஆனாலும், அந்த இளைஞர் குணமானபின் அவருக்காகப் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்தவை பிறருக்கும் பயன்படக்கூடும்.

முதலில், 'மைனஸ் 5' என்றால் என்ன? ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பதே, கண்ணாடியின்றித் தெளிவாகத் தெரியும் மிக அதிகத் தூரம், மீட்டர் கணக்கில். மைனஸ் 1 என்றால் ஒரு மீட்டர். மைனஸ் 5 என்றால் 20 சென்டிமீட்டர். பலகையின் மீது படுத்திருப்பவருக்குத் தன் கை தெரியும். பலகையின் முனையே மங்கும். நீருக்கடியில் நிலைமை வேறு. கண்ணின் குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் முன்பரப்பில் காற்றும் கண்ணும் சந்திப்பதால் கிடைப்பது. தண்ணீரில் அந்த ஆற்றல் ஏறக்குறைய இல்லாமல் போகும். எனவே மூழ்கியவர் அனைவருக்கும் எல்லாமே மங்கல்தான். கிட்டப்பார்வை உள்ளவருக்கு ஆபத்து நீர்ப்பரப்புக்கு மேலேதான்: அடுத்த அலை எங்கே உடைகிறது, மற்றொருவரின் பலகை எந்தப் பக்கம் வருகிறது, கரையில் ஏற்றியிருப்பது சிவப்புக் கொடியா, பாறை எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் தெரியாது.

பாறை என்றதும் எங்கள் வடசென்னைக் கடற்கரை நினைவுக்கு வருகிறது. துறைமுகம் வருமுன் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தாம் உடையும் அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அலைமீது கட்டுமரத்தைச் சறுக்கவிட்டுக் கரையேறுவது நம் மீனவர்களுக்குத் தலைமுறை வித்தை. துறைமுகம் எழுந்தபின் மணல் தெற்கே மெரினாவில் குவிந்தது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரைகளைக் கடல் அரித்தது. தடுப்பாகக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெயும் வேறு கதை. கடற்கரைக்கு இவ்வளவு அருகில் பிறந்த பையன் அலை தேடித் தெற்கே நாற்பது கிலோமீட்டர் போவதற்குக் காரணம் இதுதான்.

இனி, கண்ணுக்கு என்ன வழி? சாதாரண மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்குவது பலரும் செய்வது, செய்யக்கூடாதது. பலகை திரும்பி வந்து முகத்தில் மோதினால் சட்டமும் உடைந்த வில்லையும் கண்ணுக்குள் போகும். எடை குறைந்த, எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லையோடு, தலையைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை கொண்ட நீர் விளையாட்டுக் கண்ணாடிகள் இருக்கின்றன. நீச்சல் கண்ணாடியிலேயே அரை டயாப்டர் படிகளில் ஆயத்தமாக எண் போட்டு விற்கிறார்கள். இரு கண்ணுக்கும் ஒரே எண், சிலிண்டர் எண் இல்லை, அவ்வப்போது ஆவி படியும். ஆனால் விலை குறைவு. துல்லியமாகத் தெரியாது, அலை தெரியும். கற்றுக்கொள்ளும் நிலையில் உள்ளவருக்கு அது போதும்.

தொடுவில்லையைப் பற்றி மருத்துவ உலகின் பொது அறிவுரை ஒன்றே: எந்தத் தண்ணீரும் அதன்மேல் படக்கூடாது. குழாய் நீர், நீச்சல் குளம், கடல் மூன்றிலும் அகந்தமீபா என்ற ஓரணு உயிரி வாழக்கூடும். அது வில்லையில் ஒட்டிக்கொண்டு, கருவிழியில் ஏற்படும் நுண்கீறல் வழியே உள்ளே நுழையும். அரிதான நோய்தான், வந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை, சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை. சிவப்பைவிட வலி பல மடங்காக இருப்பது அதன் அடையாளங்களில் ஒன்று. இதையும் மீறி அணிந்துதான் இறங்குவேன் என்பவர்கள் உண்டு. தேர்ந்த வீரர்களிலேயே பலர் அப்படித்தான். அவர்கள் ஒருநாள் வில்லையை மட்டும் அணிந்து, மேலே நீச்சல் கண்ணாடி போட்டு, அலைக்குள் மூழ்கும்போது கண்ணை மூடி, கரையேறியதும் அதை எறிந்துவிட வேண்டும். வில்லை விழியோடு ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்காமல், மருந்துக்கடையில் கிடைக்கும் கண்களுக்கான உப்புநீர்த் துளியை விட்டு, அது தானாக நகரும்வரை பொறுக்க வேண்டும். மறுநாள் வலியோ கூச்சமோ இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். யானைக்கவுனியிலிருந்து எழும்பூர் அரசு கண் மருத்துவமனை கூப்பிடு தூரம். 1819 முதல் இருக்கிறது. நான்கு நாள் தாமதத்துக்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

'லேசர் செய்துகொண்டால் தொல்லை தீர்ந்தது' என்பதும் பாதி உண்மை. லாசிக் முறையில் கருவிழியில் மெல்லிய மடலொன்றைத் திறந்து மூடுகிறார்கள். பலத்த அடி பட்டால் அந்த மடல் ஆண்டுகள் கழித்தும் விலகக்கூடும். மடலே இல்லாத பி.ஆர்.கே., ஸ்மைல் முறைகள் அடிபடும் விளையாட்டுகளில் இருப்போருக்குப் பொருத்தம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். எதுவாயினும் சில வாரங்கள் கடல் கூடாது. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: லேசர் கருவிழியைத்தான் திருத்தும், நீண்டுவிட்ட விழிக்கோளம் அப்படியேதான் இருக்கும். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களின் விழித்திரை மெலிந்திருக்கும், பிரிந்துவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கண்ணில் மின்னல் வெட்டுவது, திடீரென்று கரும்புள்ளிகள் மிதப்பது, ஓரத்தில் திரை இறங்குவது - இவற்றில் ஒன்று தோன்றினாலும் அது அவசர நோய். கண்ணாடியைத் துறந்தவர்களும் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

எந்தக் கருவியும் இல்லாமல் இறங்குவோர் மீனவர்களிடம் கற்கலாம். அவர்கள் கரையிலுள்ள உயரமான அடையாளங்களைக் கொண்டுதான் தம் இடத்தை அறிந்தார்கள். மாமல்லபுரம் என்றால் கலங்கரை விளக்கம். எதுவுமில்லாத கரையில் பெரிய வண்ணக் குடையை நட்டுவைக்கலாம். பளிச்சென்ற நிறச்சட்டையில் பார்வை நன்றாக உள்ள துணை ஒருவர் குரல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கூட்டம் குறைந்த, மணல் தரையுள்ள இடம் நல்லது. பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு அறுந்தால், கண் தெரியாதவருக்குப் பலகையும் இல்லை, கரையும் இல்லை.

இதெல்லாம் கேட்டுவிட்டு, 'இந்தக் கண்ணோடு அவருக்கு அலை எதற்கு?' என்று அந்த இளைஞரின் தந்தை என்னிடம் கேட்டார். ஆஸ்திரேலியாவின் மாட் ஃபோர்ம்ஸ்டன் ஐந்து வயதில் பார்வையின் பெரும்பகுதியை இழந்தவர். போர்ச்சுகலின் நசாரே பேரலையில் 2022-இல் சறுக்கினார். பிறவியிலேயே பார்வையற்ற பிரேசில்காரர் டெரெக் ரபேலோ ஹவாயின் பைப்லைன் அலையில் இறங்கியவர். 2015 முதல் நடந்துவரும் மாற்றுத்திறனாளிகளுக்கான உலக அலைச்சறுக்குப் போட்டியில் பார்வைக் குறைபாடு உடையோருக்குத் தனிப்பிரிவே உண்டு. அவர்கள் துணிச்சலால் மட்டும் இதைச் செய்யவில்லை. துணைவர் குரல் கொடுக்கிறார், பாதுகாப்புக் குழு நிற்கிறது, அலையின் ஓசையையும் பலகையின் அதிர்வையும் படிக்கும் பல்லாண்டுப் பயிற்சி இருக்கிறது. தெரியவில்லை என்பதை அவர்கள் முதலில் சொல்லிவிடுகிறார்கள். நம்மவர்கள் அதை மறைக்கிறார்கள்.

மறைப்பதற்கு வெட்கம் ஒரு காரணம், விலை மற்றொன்று. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்குக் கிட்டத்துப் பார்வைக் கண்ணாடி கொடுத்து ஆராய்ந்து, 2018-இல் வெளியிட்ட முடிவில், அவர்கள் பறித்த இலையின் அளவு கண்ணாடி பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடியது தெரியவந்தது. கண்ணுக்குச் செய்யும் செலவைப் போல் விரைவில் திரும்பி வரும் முதலீடு குறைவு. நாள் வில்லையை மூன்று வாரம் ஓட்டி அந்த இளைஞர் மிச்சம் பிடித்த தொகையை, பல வார மருந்துச் செலவோடும் அடைத்துக் கிடந்த கடையோடும் ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். வணிகர் வீட்டுப் பிள்ளை, உடனே புரிந்துகொண்டார்.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்து, இந்தியருக்குப் பதக்கமும் கிடைத்தபின், கடலில் இறங்கும் இளைஞர்கள் பெருகுவார்கள். பயிற்சிக்குச் சேரும்போது 'நீந்தத் தெரியுமா?' என்று கேட்கிறார்கள். அந்தப் படிவத்தில் 'கண்ணாடி அணிபவரா, எண் என்ன?' என்ற இரண்டாவது கேள்வியைச் சேர்க்கச் செலவே இல்லை. எண் போட்ட நீச்சல் கண்ணாடிகள் பத்தைப் பயிற்சிப் பள்ளிகள் வாங்கி வைத்து, பலகையைப் போலவே வாடகைக்கு விடலாம்.

எதிர்வீட்டு இளைஞர் ஆறு மாதம் கழித்து, மருத்துவரின் ஒப்புதலோடு, மறுபடியும் கோவளம் போகத் தொடங்கினார். மைனஸ் நான்கரை எண்ணுள்ள நீச்சல் கண்ணாடி. கூடவே மஞ்சள் சட்டை அணிந்த நண்பர். போன ஞாயிறு திரும்பும்போது அவருடைய தந்தை கடை வாசலில் நின்று, முதலில் மகனின் கண்களைத்தான் பார்த்தார்.