இணையவழிக் கல்வியில் இன்முக வரவேற்பு

கல்விக்குக் கொடை வழங்கும் அன்பர்கள் பலர், ஒரு பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துக் கட்டணமும் கட்டியாகிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுவதுண்டு. ஆனால், முதல் வாரத்திலேயே மனம் தளர்ந்து விலகிவிடும் மாணவர்களும் இருக்கிறார்கள். நேரில் நடக்கும் வகுப்பில் ஆசிரியரின் முகம் தெரியும். குரலின் கனிவு கேட்கும். இணையவழி படிப்பவருக்கோ முதலில் கிடைப்பது பெரும்பாலும் எழுத்து மட்டுமே.

அமெரிக்கக் கல்லூரிகளில் அந்த எழுத்துக்கு 'சிலபஸ்' என்று பெயர். நம் பள்ளிகளுக்குக் கல்வி அமைச்சு வகுத்துத் தரும் பாடத்திட்டம் போன்றதன்று அது. விரிவுரையாளர் தம் மாணவர்களுக்குத் தாமே எழுதித் தரும் ஏடு. நூல்கள், தேர்வு நாள்கள், மதிப்பெண் முறை, விதிகள் ஆகியவை அதில் அடங்கும். விதிகள் பெருகப் பெருக, அது எச்சரிக்கைப் பலகையாக மாறிவிடுவதும் உண்டு.

ஹார்னிஷ், பிரிட்ஜஸ் என்னும் உளவியல் ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் இது குறித்த ஆய்வொன்றை வெளியிட்டனர். சிலபஸ் நட்பான தொனியில் இருந்தபோது, அதை எழுதிய ஆசிரியர் அன்பானவர், அணுகக்கூடியவர், கற்பிப்பதில் ஆர்வமுள்ளவர் என்று மாணவர்கள் கருதினார்கள். எழுத்தின் தொனியிலிருந்தே ஆசிரியரை எடைபோட்டு விடுகிறார்கள்!

ஆகவே, விரிவுரையாளர்களுக்கு இதில் பயிற்சி வேண்டியிருக்கிறது. 116 கல்லூரிகளைக் கொண்ட கலிபோர்னியா சமூகக் கல்லூரி அமைப்பு இத்துறையில் முன்னோடி. அங்கே பயிற்சியும் இணையத்திலேயே நடக்கிறது. விரிவுரையாளர் தாமே மாணவராக அமர்கிறார். புரியாத அறிவிப்பின் முன் தனித்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அவரே உணர்ந்துகொள்ள அது வாய்ப்பாகிறது. ஓக்லண்ட் வட்டாரத்துப் பெரால்டா கல்லூரிகள், மாணவரிடம் கணினி வசதி உண்டா, பாடத்தில் அவரைப் போன்றவர்களும் இடம் பெறுகிறார்களா என்றெல்லாம் சரிபார்க்க ஓர் அளவுகோலையே வகுத்துள்ளன.

அம்மாநிலக் கல்வியாளர் மிஷல் பக்கான்ஸ்கி-பிராக் பரப்பிய முறைக்கு 'லிக்விட் சிலபஸ்' என்று பெயர். கைத்தொலைபேசியிலும் எளிதாகத் திறக்கும் பக்கம். ஆசிரியர் முகம் காட்டிப் பேசும் சிறு காணொளி. "என்னிடம் நீங்கள் எதிர்பார்க்கலாம், உங்களிடம் நான் எதிர்பார்ப்பது" என்ற இரு பட்டியல். முதல் வாரத்தில் செய்யவேண்டியவை. வகுப்பு தொடங்கும் முன்னரே இது மாணவர் கைக்குப் போய்ச் சேரும்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். "தாமதமாக வரும் கட்டுரைக்கு மதிப்பெண் கிடையாது" என்று எழுதலாம். "திங்கட்கிழமைக்குள் அனுப்புங்கள், அப்போதுதான் அடுத்த பாடத்துக்கு முன் திருத்தித் தர என்னால் இயலும். இடையூறு ஏற்பட்டால் முன்கூட்டியே எனக்கு எழுதுங்கள்" என்றும் எழுதலாம். இரண்டிலும் நாள் ஒன்றுதான். இரண்டாவதில் அதற்குக் காரணமும் இருக்கிறது. கேட்பதற்கு வழியும் இருக்கிறது.

இது செல்லம் கொடுப்பதாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிரம்போடும் சுண்ணக்கட்டியோடும் காலம் கழித்தவன் என்ற முறையில் நானும் அப்படிக் கேட்டுப் பார்த்ததுண்டு. விடை புதிதன்று. அலாஸ்காவின் சிற்றூர்களிலிருந்து வந்து படித்த பழங்குடி மாணவர்களுக்கு எத்தகைய ஆசிரியர்கள் பயன்பட்டார்கள் என்று ஜூடித் கிளைன்பெல்ட் ஆராய்ந்து 1975இல் எழுதினார். அன்பையும் கண்டிப்பையும் ஒருசேரக் கொண்டவர்களே வெற்றி பெற்றார்கள். அன்பு மட்டும் போதவில்லை. கண்டிப்பு மட்டும் எடுபடவில்லை. தரத்தைக் குறைப்பது வரவேற்பு ஆகாது. தரத்தை எட்டும் வழியைக் காட்டுவதே வரவேற்பு.

குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இது உயிர்நாடி. சந்தேகம் வந்தால் கேட்க வீட்டில் ஆளில்லை. கடுமையான ஏட்டைக் கண்டால், "இது நமக்கான இடமன்று" என்று அப்பிள்ளை முடிவு கட்டிவிடும். நாம் கட்டிய கட்டணமும் அத்தோடு வீணாகும்.

எனவே, அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆதரிக்கும் பிள்ளையிடம், "பணம் போதுமா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் வாரத்தில் அரைமணி நேரம் அருகில் அமர்ந்து, ஆசிரியர் அனுப்பிய ஏட்டைச் சேர்ந்து படியுங்கள். புரியாததை ஆசிரியருக்கு எழுதிக் கேட்கச் சொல்லித் துணை நில்லுங்கள். ஏடு வரவேற்காவிட்டாலும், நாம் வரவேற்கலாம் அல்லவா?