வீட்டுக்குள் ஒரு குழூஉக்குறி

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலைப் பள்ளிப் பருவத்தில் நெட்டுருச் செய்தபோது எமக்கு மிகவும் சுவைத்த பகுதி குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு ஒரு பொருளுக்கு வேறு பெயரிட்டு வழங்குவதே அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப் பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். குடித்தவன் உள்ளத்தில் கிடப்பதையெல்லாம் கொட்டிவிடுவான் அல்லவா? அப்பெயரை முதலில் இட்டவர் அனுபவசாலியாகத்தான் இருந்திருப்பார்!

இரயில்வே எழுத்தராகப் பணியேற்ற பின்னர் யாமும் அத்தகைய கூட்டமொன்றில் சேர்ந்தோம். 'லைட் எஞ்சின்' என்றால் எடை குறைந்த எஞ்சினும் அன்று, விளக்கு எரியும் எஞ்சினும் அன்று. பெட்டிகள் இன்றித் தனியே செல்லும் எஞ்சின். மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டு ஓட்டலில் உண்ணும் நண்பரையும் எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் அழைப்போம். மதராஸ் நகரம் 1996இல் சென்னை ஆயிற்று. 2019இல் சென்ட்ரல் நிலையம் எம்.ஜி.ஆர். பெயரைப் பெற்றது. ஆயினும் அந்நிலையத்தின் குறி இன்றும் 'எம்.ஏ.எஸ்.' என்பதே.

எங்கள் குறிகள் வேலையைச் சுருக்குவதற்கு ஏற்பட்டவை. வேறு சில, மறைப்பதற்கென்றே ஏற்பட்டவை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்களைத் தொட்டு விலை பேசுவதைக் கண்டிருப்பீர்கள். அருகில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

வெளி மாநிலத்தில் வாழும் நாம் அந்தத் துண்டைப் போலவே தமிழைப் பயன்படுத்துகிறோம். காய்கறிக் கடையில், "பத்து ரூபாய் குறைத்துக் கேளுங்கள்" என்று இல்லத்தரசி மெல்லச் சொல்வார். விருந்தினர் எதிரில், "பால் இல்லை, பேச்சை வளர்க்காதீர்கள்" என்று எச்சரிப்பார். இவ்வசதியை எண்ணி யாமும் பெருமைப்பட்டதுண்டு.

சென்ற கோடை விடுமுறையில் அப்பெருமை அடங்கியது. ஊரில் ஓர் இரவு, எம் அன்னையார் பேரனைத் திண்ணையில் அமர்த்தி, குரலை உயர்த்தியும் தாழ்த்தியும் நரிக் கதை சொன்னார். சிறிது நேரம் கேட்டிருந்த எம் மகன் எம்மிடம் ஓடிவந்து இந்தியில் வினவினான்: "பாட்டி யார் மேல் கோபமாக இருக்கிறார்?"

"பிள்ளை என்னடா சொல்லுகிறான்?" என்றார் அன்னையார். எமக்கு மொழிபெயர்க்க நா எழவில்லை.

எண்ணிப் பார்த்தோம். அவன் எம் வாயிலிருந்து கேட்ட தமிழ் எது? விலை அதிகம், பேசாதே, படி, உறங்கு. விளையாட்டும் சிரிப்பும் இந்தியில், பாடம் ஆங்கிலத்தில். எஞ்சிய மறைப்பும் அதட்டலும் மட்டுமே தமிழில். தாய்மொழி என்று எண்ணிக்கொண்டு நாற்பது ஐம்பது குறிச்சொற்களையே அவனுக்குக் கொடுத்திருக்கிறோம். குழூஉக்குறியில் விலை பேசலாம். கதை கேட்க இயலாது.

அன்று முதல் இரவு உணவின்போது அவரவர் அன்று கண்டதைத் தமிழில் சொல்வதென்று வீட்டில் முறை வைத்துள்ளோம். ஞாயிறுதோறும் பாட்டி தொலைபேசியில் கதை சொல்கிறார். சென்ற வாரம் பாதி இந்தியும் பாதித் தமிழுமாக, "அப்புறம் நரி என்ன ஆச்சு, பாட்டி?" என்று அவனே கேட்டான்.

அன்பர்களே, கடைத்தெருவில் தமிழில் இரகசியம் பேசுங்கள், தவறில்லை. வீடு திரும்பியதும் குழந்தைகளுடன் நாலு வார்த்தை தமிழில் சிரித்தும் பேசுங்கள்.