மூடிக் கணக்கு வேண்டாம்... அளவு ஜாடி வாங்குங்கள்!

‘ஒரு டேங்குக்கு எத்தனை மூடி மருந்து ஊற்றலாம்?’ என்று பல விவசாயிகள் கேட்கிறார்கள். மூடியின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மருந்து குறைந்தால் பூச்சி சாகாது. கூடினால் பயிர் கருகும், காசும் வீண்.

பீக்கர் கலக்குவதற்குத்தான்; அதிலுள்ள கோடுகள் உத்தேசமானவை. அளப்பதற்கு ஏற்றது, மெஷரிங் சிலிண்டர் எனப்படும் அளவு ஜாடி. கண்ணாடி ஜாடி வயலில் உடையும், பிளாஸ்டிக் போதும். லிட்டருக்கு 2 மில்லி என்றால், 10 லிட்டர் டேங்குக்கு 20 மில்லி. இதற்கு 25 மில்லி ஜாடியே சரி. ஜாடி பெரிதானால் பிழையும் பெரிதாகும்.

கையுறை அணிந்து, ஜாடியைச் சமதளத்தில் வைத்து, கண் மட்டத்தில் பாருங்கள். மருந்தின் மேல்மட்டம் வளைந்திருந்தால் வளைவின் அடிப்பகுதியே கணக்கு. ஜாடியை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றுங்கள். களைக்கொல்லிக்குத் தனி ஜாடி வையுங்கள். எந்த ஜாடியையும் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.