கடைத் தேங்காய் வழிப் பிள்ளையாருக்கு!

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல்)



போன மே மாத விடுமுறையில் எங்கள் ஊரில் ஒரு எலெக்ட்ரிகல் கடையில் வேலை பார்த்தேன். வயர் சுருள் எடுத்துக் கொடுப்பது, சுவிட்சு எண்ணி வைப்பது, பில் போடுவது, இதுதான் வேலை. ஒரு நாள் பைக்கில் வந்த ஒருவர் கிரெடிட் கார்டை நீட்டி, "அண்ணே, இதுல இருபதாயிரம் தேய்ங்க. சரக்கு எதுவும் வேணாம். ரொக்கமா கையில குடுத்துடுங்க" என்றார்.

முதலாளி சிரித்தார். "உங்களுக்குப் பாயிண்ட் ஏறும். எனக்கு இருபதாயிரத்துக்கு நானூறு ரூபா பேங்க்காரன் பிடிச்சுக்குவான். அந்த நானூறை நான் யார் தலையில கட்டுறது?" என்று கேட்டு, வந்தவரை அனுப்பி வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வி என் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் பதினெட்டு வயது ஆனதும் நானும் ஒரு கார்டு வாங்கி, பாயிண்ட் சேர்த்து, ஓசியில் விமானம் ஏறவேண்டும் என்று ஆசைப்பட்டவன்தான். அதைப் பற்றித் தேடிப் படிக்கப் போனபோது, அமெரிக்காவில் இதே வேலையை மருந்துக்கடையில் வைத்து ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

மருந்துக்கடையில் பணம் விற்கிறது!

நம்ம ஊர் மருந்துக்கடை என்றால் மாத்திரை, டானிக், தைலம். அமெரிக்காவில் அப்படி இல்லை. சி.வி.எஸ்., வால்கிரீன்ஸ் போன்ற மருந்துக்கடைகள் பாதி பலசரக்குக் கடை மாதிரி. சோப்பு, சிப்ஸ், வாழ்த்து அட்டை எல்லாம் கிடைக்கும். அங்கே ஒரு கம்பித் தட்டியில் வரிசையாகப் பிளாஸ்டிக் அட்டைகள் தொங்கும். அவைதான் பிரீபெய்டு கார்டுகள். பணத்தை முன்கூட்டியே கட்டி வாங்கிக்கொண்டு, பிறகு அந்த அளவுக்குச் செலவழிக்கலாம். பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுப்பவர்கள் உண்டு. வங்கிக் கணக்கே இல்லாத ஏழைகள் வாங்குவதும் உண்டு.

அதில் ஒரு வகையாக அப்போது இருந்தது வெனிலா ரீலோடு. முன்பு நம் வீட்டில் செல்போனுக்கு ரீசார்ஜ் கார்டு வாங்கி, நகத்தால் சுரண்டி, நம்பரைப் போடுவார்களே, ஏறக்குறைய அதே மாதிரிதான். ஒரே வித்தியாசம், இதில் ஏறியது பேசும் நேரம் இல்லை, பணம். ஒரு அட்டையில் அதிகபட்சம் 500 டாலர் ஏற்ற முடிந்தது. அதற்குக் கட்டணம் 3 டாலர் 95 சென்ட்டாக இருந்தது.

சுற்றி வந்த பணம்

2012 அக்டோபரில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனமும் வால்மார்ட்டும் சேர்ந்து 'புளூபேர்டு' என்று ஒரு கணக்கைக் கொண்டுவந்தார்கள். வங்கிக் கணக்கு வைக்க வசதியில்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பாயிண்ட் வேட்டைக்காரர்கள் அதில் வேறொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். எப்படி என்று பாருங்கள்:

1. மருந்துக்கடைக்குப் போய் 500 டாலர் ரீலோடு அட்டையைக் கிரெடிட் கார்டில் வாங்குவது. மொத்தம் 503 டாலர் 95 சென்ட்.

2. வீட்டுக்கு வந்து சுரண்டி, நம்பரைப் போட்டு, 500 டாலரைப் புளூபேர்டு கணக்கில் ஏற்றுவது.

3. அங்கிருந்து அதைத் தன் வங்கிக் கணக்குக்கு மாற்றுவது, அல்லது நேராகக் கிரெடிட் கார்டு பில்லையே கட்டிவிடுவது.

அவ்வளவுதான்! பணம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. வாங்கிய பொருள் ஒன்றுமில்லை, தின்ற பண்டம் ஒன்றுமில்லை. ஆனால் கார்டு கொடுத்த வங்கியின் கணக்குப்படி இவர் மருந்துக்கடையில் 503.95 டாலர் செலவு செய்திருக்கிறார். அதற்குப் பாயிண்ட் உண்டு!

சாதாரண கார்டில் 1 சதவீதம் என்றால் கிடைப்பது 5 டாலர் 4 சென்ட். அட்டைக் கட்டணம் போக மிச்சம் ஒரு டாலர் சொச்சம்தான். பஸ் செலவுக்குக்கூடக் காணாது. ஆனால் அப்போது மருந்துக்கடை, பலசரக்குக் கடை, பெட்ரோல் பங்க் செலவுக்கு 5 சதவீதம் திருப்பித் தந்த கார்டு இருந்தது. (ஆண்டுக்கு 6,500 டாலர் செலவைத் தாண்டிய பிறகுதான் அந்த 5 சதவீதம்.) அதில் 25 டாலர் 20 சென்ட் வரும். கட்டணம் போக லாபம் 21 டாலர் 25 சென்ட். புளூபேர்டில் அப்போது மாதம் 5,000 டாலர் வரை ஏற்ற முடிந்தது. பத்து அட்டை வாங்கினால் மாதம் 212 டாலருக்கு மேல் கையில் நிற்கும்.

இவர்களுக்கு முன்னோடிகள்

இந்தப் புத்தி புதிதல்ல. 1999-இல் கலிபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்ற சிவில் எஞ்சினியர், ஒரு உணவுக் கம்பெனியின் விமானப் பயணச் சலுகையைப் பார்த்தார். பொட்டலத்து லேபிளை அனுப்பினால் விமான மைல்கள் தருவதாக அறிவிப்பு. கம்பெனியின் சரக்கில் மலிவானது எது என்று கடைகடையாகத் தேடி, 25 சென்ட் புட்டிங் கிண்ணத்தைக் கண்டுபிடித்தார். சுமார் 3,000 டாலருக்கு 12,150 கிண்ணம் வாங்கினார்! அவ்வளவையும் யார் தின்பது? இரட்சணிய சேனைக்குக் கொடுத்துவிட்டு, லேபிளை உரிப்பதற்கு அவர்களிடமே உதவி பெற்றார். கிடைத்தது 12 லட்சம் மைலுக்கும் மேல்.

அடுத்தது அரசாங்கத்தின் நாணயச் சாலை. ஒரு டாலர் நாணயத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவர 2008-இல் ஒரு திட்டம் போட்டார்கள். கிரெடிட் கார்டில் நாணயம் வாங்கலாம், வீட்டுக்கு அனுப்பும் செலவு இலவசம். நம் வேட்டைக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமல்கூட நேரே வங்கிக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள். நாணயம் புழங்கவில்லை, பாயிண்ட்தான் புழங்கியது! 2011 ஜூலையில் கார்டு வாங்குவதை நாணயச் சாலை நிறுத்தியது.

கணக்கு எங்கே உதைக்கிறது?

டிரான்ஸ்ஃபார்மர் பாடம் நடத்தும்போது எங்கள் சார் அடிக்கடி சொல்வார்: "உள்ளே போகாத பவர் வெளியே வராது தம்பி!" ஒன்றையும் எரிக்காமல் தானே ஓடும் மிஷின் உலகத்தில் கிடையாது. அப்படியிருக்க, சும்மா சுற்றி வந்த பணத்திலிருந்து 21 டாலர் எப்படி முளைத்தது? நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கார்டில் விற்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் கடைக்காரர் ஒரு கட்டணம் கொடுக்க வேண்டும். அதில் பெரும்பகுதி கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. கணக்குக்காக அதை 2 சதவீதம் என்று வைத்து, முழுவதும் அந்த வங்கிக்கே போவதாகக் கொள்வோம்.

கடைக்காரர்: அட்டைக் கட்டணம் 3.95 டாலர் முழுவதும் அவருக்கே வந்தாலும், வங்கிக்குக் கொடுப்பது 10.08 டாலர். நஷ்டம் 6.13.

வங்கி: கடையிலிருந்து வந்தது 10.08. வாடிக்கையாளருக்குக் கொடுத்தது 25.20. நஷ்டம் 15.12.

இரண்டு நஷ்டத்தையும் கூட்டுங்கள். 21 டாலர் 25 சென்ட்! நம்ம ஆள் சம்பாதித்த லாபம் சென்ட் பிசகாமல் அங்கே இருக்கிறது. சார் சொன்னது பணத்துக்கும் பொருந்திவிட்டது.

கடையும் வங்கியும் தங்கள் கைக்காசிலிருந்தா கொடுப்பார்கள்? மாட்டார்கள். கடை, அந்தச் செலவை மற்ற சரக்கின் விலையில் ஏற்றும். வங்கி, பில்லை முழுசாகக் கட்ட முடியாமல் வட்டியில் மாட்டிக்கொண்டவனிடம் வசூலிக்கும். 'கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை' என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

யார் தலையில்?

மேலே சொன்ன வேட்டைக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஒழுங்காகச் சாமான் வாங்கிப் பாயிண்ட் சேர்ப்பவர்களின் கணக்கும் இதே குழாய் வழியாகத்தான் ஓடுகிறது. கார்டுக்கும் ரொக்கத்துக்கும் கடையில் ஒரே விலை. கார்டுக்காரருக்குப் பாயிண்ட் உண்டு, ரொக்கக்காரருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கார்டுச் செலவு அடங்கிய விலையை இரண்டு பேருமே கொடுக்கிறார்கள்.

அமெரிக்க மத்திய வங்கியின் பாஸ்டன் கிளையைச் சேர்ந்த பொருளாதார அறிஞர்கள் 2010-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் கணக்குப்படி, ரொக்கம் கொடுக்கும் ஒரு குடும்பம் தனக்கே தெரியாமல் ஆண்டுக்குச் சராசரி 149 டாலரைக் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறது. கார்டுக் குடும்பம் ஒன்று சராசரி 1,133 டாலர் பெறுகிறது. வருமானத்தை வைத்துப் பார்த்தால், மிகக் குறைந்த வருமானக் குடும்பத்திலிருந்து ஆண்டுக்கு 21 டாலர் போகிறது, மிக உயர்ந்த வருமானக் குடும்பத்துக்கு 750 டாலர் வருகிறது.

இதைப் படித்தபோது எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் வாழ்நாளில் கார்டு தேய்த்ததில்லை. மளிகையோ மருந்தோ, மடித்து வைத்த நோட்டை எடுத்து எண்ணிக் கொடுப்பார். அமெரிக்காவில் அப்படி எண்ணிக் கொடுக்கும் அப்பாக்கள்தான், யாரோ ஒருவர் ஏறும் விமானத்துக்கு டிக்கெட் பணம் கட்டுகிறார்கள். நான் ஓசி என்று நினைத்தது ஓசியே இல்லை!

கடைசியில் என்ன ஆயிற்று?

நஷ்டம் தெரிந்த இடத்தில் எல்லாம் கதவு மூடிக்கொண்டது. 2014 ஏப்ரல் வாக்கில் சி.வி.எஸ். கடைகள் ரீலோடு அட்டைக்குக் கிரெடிட் கார்டு வாங்குவதை நிறுத்தின. 2016 ஜனவரியில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பலருடைய புளூபேர்டு கணக்குகளில் பணம் ஏற்றும் வசதியை வெட்டியது. கையில் அட்டைகளை வாங்கி வைத்திருந்தவர்கள் அவற்றை எப்படிக் காசாக்குவது என்று திண்டாடியிருப்பார்கள்.

வருமானவரித் துறையும் சும்மா இருக்கவில்லை. ஒரு தம்பதி 2013, 2014 இரண்டு ஆண்டுகளில் 60 லட்சம் டாலருக்கும் மேல் கார்டில் தேய்த்து, 3 லட்சம் டாலருக்கும் மேல் வெகுமதி வாங்கிவிட்டார்கள். இது வருமானம்தானே, வரி கட்டு என்றது அரசு. 2021-இல் வரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பரிசு அட்டை என்பது ஒரு பொருள். அதை வாங்கியதற்குக் கிடைத்தது விலைத் தள்ளுபடி, அதற்கு வரி இல்லை. ஆனால் மணியார்டரை நேரடியாகக் கார்டில் வாங்கியதற்கும், டெபிட் கார்டில் பணம் ஏற்றியதற்கும் கிடைத்தது வருமானம், அதற்கு வரி உண்டு. ஆக, இவர்கள் செய்தது திருட்டு அல்ல. கம்பெனிகள் எழுதிய விதியில் இருந்த ஓட்டை வழியாகப் புகுந்து வந்தார்கள், அவ்வளவுதான். என் கேள்வி ஓட்டையைப் பற்றியது அல்ல, குழாயில் ஓடுவது யாருடைய தண்ணீர் என்பதைப் பற்றியது.

அரசாங்கம் நினைத்தால் குழாயைச் சின்னதாக்கலாம். ஐரோப்பிய யூனியன் 2015-இல் கடைக்காரரின் வங்கி கார்டு வங்கிக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு, கிரெடிட் கார்டில் 0.3 சதவீதம், டெபிட் கார்டில் 0.2 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. அமெரிக்காவில் 2010-இல் வந்த சட்டம் பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுக்கு மட்டும் வரம்பு வைத்தது. கிரெடிட் கார்டைத் தொடவில்லை. நம் நாட்டில் யு.பி.ஐ., ரூபே டெபிட் கார்டு இரண்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதித்தார்கள். டீக்கடையில்கூட ஸ்கேன் செய்து பத்து ரூபாய் கொடுக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நண்பர்களே! வேலைக்குப் போனவுடன் நமக்கும் கார்டு விற்க ஆள் வருவார்கள். வாங்காதே என்று நான் சொல்லவில்லை. கெடு தேதிக்குள் முழுப் பில்லையும் கட்ட முடிந்தால் வாங்கு. முடியாவிட்டால் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடும் கார்டுகள் இருக்கின்றன. 1 சதவீதப் பாயிண்டுக்கு ஆசைப்பட்டு வருஷத்துக்கு 36 சதவீதம் கட்டினால், கடைத் தேங்காய் போய் நம் வீட்டுத் தேங்காயே உடையும்.

கடையில் கடைசி நாள் சம்பளம் வாங்கும்போது முதலாளியிடம் இந்த அமெரிக்கக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இவ்வளவு படிச்சுத் தெரிஞ்சுக்கணுமாடா? கல்லாவுல ஒரு வருஷம் உட்கார்ந்தாலே தெரியும்" என்றார். உண்மைதான். ஆனால் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்? அதனால்தான் எழுதினேன்.