ஊடாட்டக் குறிப்பேடுகளுக்குக் கட்டளை வரி அளவுருக்கள்

ஊடாட்டக் கணிப்புக் குறிப்பேடு என்பது நிரல், அதன் விளைவு, விளக்கவுரை ஆகிய மூன்றும் ஒரே கோப்பில் அடங்கிய ஆவணம் ஆகும். 2014 இல் ஐபைத்தான் திட்டத்திலிருந்து பிரிந்த ஜூப்பிட்டர் இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. பயனர் உலாவியில் கட்டம் கட்டமாக இயக்குவதற்கென அமைந்ததால், கட்டளை வரியிலிருந்து அளவுருக்களைத் தருவதற்கு இதில் நேரடி வழி இல்லை. பைத்தான் நிரலுக்குத் தரும் சொற்கள் 'சிஸ்.ஆர்க்வி' என்னும் பட்டியலில் வந்து சேரும். குறிப்பேட்டில் அப்பட்டியலைப் பார்த்தால், கெர்னலைத் தொடங்கும்போது அதற்குத் தரப்பட்ட இணைப்புக் கோப்பின் பெயர் போன்றவையே காணப்படும்.

== எடுத்துக்காட்டு: துணியின் எடை ==

திருப்பூரில் பனியன் துணி ஜி.எஸ்.எம். கொண்டு, அதாவது ஒரு சதுர மீட்டரின் எடையைக் கிராமில் கொண்டு, குறிக்கப்படுகிறது. ஒரு சென்டிமீட்டரில் உள்ள கோர்ஸ், வேல்ஸ் எண்ணிக்கைகள், மில்லிமீட்டரில் லூப் நீளம், நூலின் டெக்ஸ் ஆகிய நான்கையும் பெருக்கி 100 ஆல் வகுத்தால் இவ்வெடை கிடைக்கும். பருத்தி நூலின் கவுண்டால் 590.5 ஐ வகுத்தால் டெக்ஸ் வரும். 30 ஆம் கவுண்ட் நூல், 20 கோர்ஸ், 14 வேல்ஸ், 2.7 மி.மீ. லூப் எனில் விடை ஏறத்தாழ 149. ஒவ்வொரு ஆர்டருக்கும் குறிப்பேட்டைத் திறந்து எண்களை மாற்றுவது சலிப்பான வேலை. பழைய கணக்கும் அழிந்துவிடும்.

== பேப்பர்மில் ==

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் பயன்படுத்தி 2018 இல் பரவலாக அறிமுகப்படுத்திய பேப்பர்மில் என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு உதவுகிறது. இயல்பு மதிப்புகள் உள்ள கட்டத்திற்குப் 'பாராமீட்டர்ஸ்' என்னும் குறிச்சொல்லை இட வேண்டும். கட்டளையில் மூலக் கோப்பு, விளைவுக் கோப்பு ஆகியவற்றின் பெயர்களுடன் '-பி' என எழுதி, மாறியின் பெயரையும் மதிப்பையும் தரலாம். பேப்பர்மில் அம்மதிப்புகளைக் கொண்ட புதிய கட்டம் ஒன்றைக் குறியிட்ட கட்டத்தின் அடியில் செருகிக் குறிப்பேட்டை இயக்கும். மூலம் மாறாது, ஒவ்வொரு ஆர்டரின் கணக்கும் தனிக் கோப்பாகத் தங்கும்.

புதிய கட்டம் பழையதன் அடியில் வருகிறது என்பதே கவனிக்க வேண்டியது. டெக்ஸைக் கணக்கிடும் வரியையும் குறியிட்ட கட்டத்திலேயே எழுதியிருந்தால், அவ்வரி பழைய கவுண்டுடன் முன்பே இயங்கி முடிந்திருக்கும். 40 ஆம் கவுண்ட் எனத் தந்தாலும், பிற அளவுகள் மாறாதபோது ஏறத்தாழ 112 வரவேண்டிய இடத்தில் 149 என்றே விடை வரும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது; அவ்விடையை நம்பி நூல் வாங்கினால் கணக்கு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆகவே கணக்கீடுகளை அடுத்த கட்டத்தில் எழுதுதல் வேண்டும்.

லாட் எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. '-பி' வழியே 0045 எனத் தந்தால் அது 45 என்னும் முழு எண்ணாக மாற்றப்படும். எழுத்துச் சரமாகவே வைத்திருக்க '-ஆர்' பயன்படுத்த வேண்டும். அளவுருக்கள் பல இருப்பின் யாமல் கோப்பில் எழுதி '-எஃப்' மூலம் தரலாம்.

== பிற வழிகள் ==

சூழல் மாறிகளில் மதிப்பை வைத்து, என்பிகன்வர்ட் கொண்டு குறிப்பேட்டை இயக்குவதும் உண்டு. இம்முறையில் எல்லா மதிப்புகளும் எழுத்துச் சரங்களாகவே வருவதால், எண்களாக மாற்றும் பொறுப்பு நிரலை எழுதுபவருடையது.