திருப்பிப் போட்ட கிரன்ஃபெல்ட்

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் மாலை 5 மணி என்றால் தூத்துக்குடியில் பிற்பகல் 2.30. வ.உ.சி. துறைமுக வாசலில் கன்டெய்னர் லாரியை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருப்பவரும் கைபேசியில் பார்க்க முடிந்த ஆட்டம் அது: உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான 14-வது, கடைசி ஆட்டம். சென்னைப் பையன் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் ஆளுக்கு 6.5 புள்ளி.

வெள்ளைக் காய்கள் டிங்குக்கு. குதிரையை எஃப்3-க்கு எடுத்தார், பிஷப்பை ஜி2-வில் ஒதுக்கினார், பிறகு டி4. கிரன்ஃபெல்ட் தற்காப்பேதான், நிறம் மட்டும் மாறியிருந்தது. வழக்கமாக அது கறுப்பின் ஆயுதம். பலகையின் நடுவை எதிராளிக்கு விட்டுவிட்டு, ஓரத்து பிஷப்பால் தூரத்திலிருந்தே குடைவது.

ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் கிரன்ஃபெல்ட் 1922-இல் ஆடியதால் அவர் பெயர் நிலைத்தது. ஆனால் 1855-லேயே கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து பாரிஸ்டருக்கு எதிராக மகேஷ்சந்திர பானர்ஜி இதே நகர்த்தல்களை ஆடிவிட்டார். நம் பழைய சதுரங்க ஆட்டத்தில் சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் நகரும். திண்ணையில் அப்படி ஆடிப் பழகிய பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் வந்தவருக்கு, சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி பிஷப்பைப் பின்னால் பதுக்குவது புதுமையாகவே பட்டிருக்காது. பெயர் என்னவோ வியன்னாக்காரருக்குப் போயிற்று!

சிங்கப்பூரில் தொடக்கம் டிங்கைக் கைவிடவில்லை. பிசகு பின்னால் வந்தது. 29-வது நகர்த்தலில் பி4 என்று ஒரு சிப்பாயைக் கொடுத்து ராணிகளை வெட்டிக்கொண்டார். டிரா செய்தால் மறுநாள் ரேபிட் ஆட்டங்கள் என்ற கணக்கு. தோல்வி அங்கேயே ஆரம்பித்தது என்பேன். டிரா கைக்கெட்டும் நிலைதான். ஆனால் கூடுதல் சிப்பாய் வைத்திருந்த குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார்.

53-வது நகர்த்தலில் டிங்கின் பிஷப் ஏ8 மூலைக்குப் போனது. 55-வதில் யானையை எஃப்2-வில் வைத்தார். குகேஷ் யானையை வெட்டினார். ராஜா திருப்பி வெட்டியதும் தன் பிஷப்பை டி5-இல் நிறுத்தினார். மூலையில் மாட்டிய பிஷப்புக்கு ஓட வழியில்லை, வெட்டிக்கொண்டே ஆக வேண்டும். பிறகு மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும். கறுப்புக்கு இரண்டு, வெள்ளைக்கு ஒன்று. 58-வது நகர்த்தலோடு டிங் கைகொடுத்தார். 18 வயதில் சாம்பியன். முன்னாள் சாம்பியன் காஸ்பரோவுக்கே பட்டம் வென்றபோது 22.

“டிங்கின் பிழையால் கிடைத்த பட்டம்” என்று முணுமுணுப்பவர்கள், அந்தப் பிழை வரும்வரை பலகையை விட்டு எழாமல் இருந்தது யார் என்றும் சொல்லட்டும்.