டவருக்குத் தெரிந்த இடம்

பையில் போட்டு மறந்துவிட்ட செல்பேசிகூடச் சும்மா இருப்பதில்லை. அக்கம்பக்கத்து டவர்களின் சிக்னலைக் கேட்டபடியே இருக்கும். இடம் மாறினால் தான் இருக்கும் பகுதியை நெட்வொர்க்குக்குச் சொல்லிவிடும். அப்படிச் சொன்னால்தான் அழைப்பு வரும்போது எந்தப் பக்கம் தேடுவது என்று செல்பேசிச் சேவை நிறுவனத்துக்குத் தெரியும்.

காவல்துறை கேட்டால் நிறுவனம் அந்தச் செல்பேசிக்குச் சத்தமில்லாமல் ஒரு சிக்னல் அனுப்பிப் பார்க்கும். மணி அடிக்காது. இதற்கு 'பிங்' என்று பெயர். டவரின் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் மூன்று திசை பார்த்து நிற்பதால், பதில் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது உடனே தெரியும். தூரத்தைக் காட்டுவது நேரம். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். அது போய்த் திரும்பும் நேரத்தை அளந்தால் போதும். பழைய 2ஜி-யில் இந்த அளவு சுமார் 550 மீட்டர் படிகளாகக் கிடைத்தது. 4ஜி-யில் ஒரு படி சுமார் 78 மீட்டர். பல டவர்களின் அளவுகள் சேர்ந்தால் தேட வேண்டிய பரப்பு இன்னும் சுருங்கும். ஆனால் பேட்டரி தீர்ந்துவிட்டால் மிஞ்சுவது கடைசியாகப் பதிவான இடம் மட்டுமே. அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

2007 ஜூன் 2 அன்று, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலுள்ள ஓவர்லேண்ட் பார்க்கில், ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்திலிருந்து 18 வயது கெல்சி ஸ்மித் கடத்தப்பட்டார். அவருடைய செல்பேசி இருந்த இடத்தை நிறுவனம் சொல்வதற்கு நான்கு நாள் ஆயிற்று. சொன்ன ஒரு மணி நேரத்துக்குள், பக்கத்து மிசௌரி மாநிலத்தில் அவர் உடல் கிடைத்தது. முன்பே சொல்லியிருந்தால் உயிர் பிழைத்திருப்பார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த நான்கு நாளும் பெற்றோர் பட்ட வேதனைக்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை.

உயிருக்கு ஆபத்தென்றால் விவரம் தர அமெரிக்க மத்திய சட்டம் நிறுவனங்களை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. கான்சஸ் 2009-இல் அதைக் கட்டாயமாக்கியது. கெல்சியின் பெயரிலான அந்தச் சட்டத்தைப் பல மாநிலங்கள் பின்பற்றின. நாடு முழுவதற்குமான மசோதாவோ 2016-இல் பிரதிநிதிகள் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் தோற்றது.

நீதிமன்ற அனுமதியில்லாமல் ஒருவர் இருக்குமிடத்தைக் காவல்துறை அறியலாமா என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். நியாயமான அச்சம்தான், அவசரம் என்று பொய் சொல்லி யாரையும் பின்தொடர முடியும். அதற்காகக் காணாமல் போனவரைக் காக்க வைக்கக் கூடாது. முதலில் இடத்தைச் சொல்லட்டும். இரண்டே நாளில் காவல்துறை நீதிபதி முன் காரணத்தை நிரூபிக்கட்டும். தேடப்பட்டவருக்கும் அது எழுத்தில் தெரிவிக்கப்படட்டும்.